கடைசியிலிருந்து தொடங்குகிறவர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்பதெல்லாம் எனக்கு இன்றும் சந்தேகம்தான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு எனக்கு எழுத்தைவிட மோசம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது ஒரு மனிதரைப் பற்றியது. தீவின் வடக்கே இருந்த கப்பல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘ஊமையரே’ என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், மரியாதையாகவே சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் வரிசைப்படுத்துவார். வரிசையை எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். மோசமானது முதலில், சிறந்தது கடைசியில். பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த கோப்பிக் கடைகளானாலும் சரி, அண்ணியின் தம்பிமார்களானாலும் சரி, இதே முறைதான்.

“நல்லத முதல்ல சொன்னா அதோட எழுந்து போயிடுவான். கீழேர்ந்து வந்தாத்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரியாதை கிடைக்கும்,” என்பார்.

இதனால் அவருக்கு ஊரெல்லாம் சங்கடம். அவர் முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எங்களுக்கு மேஸ்திரியாக இருந்த பழைய மண்டோர் ஓய்வு பெற்றபோது சின்னதாக ஒரு விருந்து வைத்தோம். இவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவர் மண்டோரின் குணங்களைக் கீழேயிருந்து தொடங்கினார். முன்கோபத்தைச் சொல்லி, மறதியைச் சொல்லி, அடுத்ததுக்கு வாயைத் திறக்கும்போது கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

கோவில் கதை இன்னும் மோசம். அவர் கத்தோலிக்கர், ஞாயிறு தமிழ்ப் பூசைக்குத் தவறமாட்டார். புதிதாக வந்த ஃபாதர் ஒருநாள் வாசலில் நின்று, “என் பிரசங்கமெல்லாம் எப்படி இருக்கு?” என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். இவரையும் கேட்டார். இவர் சந்தோஷமாக, “தவக்காலத்துல சொன்னீங்களே ஃபாதர், அதுதான் இருக்கறதுலயே மோசம்,” என்று ஆரம்பித்தார். மூன்றாவதைச் சொல்லும்போது ஃபாதர் வேறு யாரையோ பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். “அவரு முகத்துல இனிமே எப்படி முழிக்கறது?”

“முடிக்க விட்டாரா அவரு? போன வாரப் பிரசங்கம்தான் ஒண்ணாம் நம்பர். அத யாரு சொல்றது?”

அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் திரும்பவும் கோவிலுக்குப் போய், ஃபாதரைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து மேலே ஏறி, ஒன்றாவதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்புறம் அந்த ஃபாதர் இவருக்கு நல்ல நண்பராகிவிட்டார். பிரசங்கத்துக்கு முன்னாலேயே இவரைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுவார் என்று அண்ணி சொல்வார்.

ஆனால் அவருடைய பெரிய வரிசை ஒன்று இருந்தது. அது ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக் குழுவின் வரிசை.

அவரைப் பார்த்தால் அந்த மாதிரிப் பாட்டுக் கேட்கிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. கட்டம் போட்ட சாரம், வெள்ளை பனியன், கழுத்தில் பவுடர். அந்தக் குழுவோ முடியைத் தோளுக்குக் கீழே விட்டவர்கள். ஹெவி மெட்டல் என்று சொல்வார்கள். இவர் பிரிட்டிஷ்காரர்கள் இருந்த காலத்தில் கடற்படைத் தளத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். அவர்கள் தளத்தை மூடிக்கொண்டு ஊருக்குப் போனபோது, வீட்டுச் சாமான்களைச் சாலையோரத்தில் வைத்து விற்றார்கள். யாரோ ஒரு துரைசாணி ஒரு ரெக்கார்டு பிளேயரையும் அதோடு அந்தக் குழுவின் சில தட்டுகளையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கும் சின்னத் தட்டுகள். சிங்கிள் என்பார் அவற்றை. அன்றிலிருந்து அந்தக் குழு எந்தச் சிங்கிள் வெளியிட்டாலும் நகரத்துக் கடைகளில் தேடி வாங்கிவிடுவார். நான் அவரைச் சந்தித்த எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் அந்தக் குழுவுக்கு அவர்கள் ஊரிலேயே வயதாகிவிட்டது என்று பேச்சு. அவர் கவலைப்படவில்லை.

அவர்கள் வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேலே இருந்தது. மற்ற நாள்களில் மில் ஓடினால் கட்டிலே ஆடும். ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது. அன்றுதான் பாட்டு. நான் பக்கத்துத் தெருவில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த கட்டைப் பிரம்மச்சாரி. பூசை முடிந்து அவர்கள் வந்ததும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை.

பாட்டுகளின் ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையாது. அதனால் அவரே எனக்காகப் பட்டப்பெயர் வைத்தார். எல்லாவற்றிலும் கடைசி, ‘சர்பத்’. வயலின் எல்லாம் வைத்துக் காதலியை நினைத்து உருகும் பாட்டு. அதற்கு மேலே ‘பஸ் பிடிக்கிறவன்’, பாடுகிறவர் மூச்சு வாங்க ஓடுவார், தாளம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். நடுவில் ‘கிரேன்’. மெதுவாக, கனமாக, எதையோ தூக்குகிற மாதிரி ஆரம்பித்து, தூக்கியதை அப்படியே அந்தரத்தில் வைத்திருந்து, கடைசியில் கீழே இறக்குவார்கள். அதற்கும் மேலே ‘கதவு’. உச்சியில் ‘கொசு’.

கொசு என்ற பாட்டில் முதலில் ஒரே ஒரு கிட்டார் மட்டும், மெல்லியதாக, ரொம்ப உயரத்தில் ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு எதுவும் இருக்காது.

“கேளு, கேளு. கொசு வந்து காதுப் பக்கத்துல நிக்குது பாரு. இப்போ கடிக்கும், இப்போ கடிக்கும்னு நாம உட்கார்ந்திருக்கோம். அப்பத்தான் மத்தவன் எல்லாம் ஒண்ணா உள்ள வருவான்,” என்பார். ஒவ்வொரு வாரமும் முதல் தடவை கேட்கிற மாதிரியே தோளைக் குறுக்கிக்கொள்வார்.

புதுச் சிங்கிள் வந்தால் ஒரு சட்டம் வைத்திருந்தார். எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது முதல் வாரம் கடைசியில்தான் நிற்க வேண்டும். சர்பத்துக்கும் கீழே. “புதுசா வந்தவன் வரிசையில பின்னாடிதான் நிக்கணும் லா. கோப்பிக் கடையில அப்படித்தானே?” பிறகு வாரத்துக்கு ஒரு படி, இரண்டு படி ஏறும். ஒரே தாவலில் ஏறியதும் இல்லை, விழுந்ததும் இல்லை.

அண்ணிக்குச் சர்பத்துதான் பிடிக்கும். “எவ்வளவு நல்லா இருக்கு, அதப் போய்க் கடைசியில வச்சிருக்காரு,” என்பார்.

“கடைசியில வச்சதால வெறுப்புன்னு அர்த்தமா? கடைசியா வந்தவனும் ஓடித்தானே வந்தான்?” என்று சொல்லி அதையும் முழுதாகக் கேட்பார். பாதியில் ஊசியை எடுத்து நான் பார்த்ததில்லை.

“என்னை எங்க வச்சிருக்காருன்னு கேளுங்க தம்பி,” என்று அண்ணி ஒருநாள் என்னைத் தூண்டிவிட்டார். நான் கேட்பேனா? அவரே பதில் சொன்னார்: “ஒருத்திய வச்சுக்கிட்டு எப்படி வரிசை போடறது? நீதான் மோசம், நீதான் சிறப்பு. ரெண்டையும் எடுத்துக்கோ.”

நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டிலும் இதையே கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: “பட்டறையில சத்தம் நிக்கும்போது எப்படி நிக்குது? ஒருத்தன் நிறுத்துவான், இன்னொருத்தன் தட்டிக்கிட்டே இருப்பான். இவங்களப் பாரு, அஞ்சு பேரும் ஒரே நேரத்துல நிறுத்துவாங்க. அந்த இடத்துக்காகத்தான்யா கேக்கறேன்.”

அதற்குப் பிறகு நானும் அந்த இடங்களுக்காகக் கேட்கத் தொடங்கினேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பலின் அடியில் தண்ணீர் நிரப்புகிற டேங்குகள் இருக்கும். ஆள் நுழைய ஒரு சின்ன வாய்தான். அண்ணன் உள்ளே இறங்கிக் காற்றுச் சுத்தியலால் துரு தட்டுவார். நான் மேலே அந்த வாயில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நல்ல காற்றுப் போவதற்கு ஒரு விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் உள்ளே இருப்பவன் உடனே வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம் வரும், அப்புறம் தூக்கத்தான் வேண்டும். விசிறி நின்றால் நான் விசில் ஊத வேண்டும். அதற்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். பேசத் தேவையில்லாத வேலை, எனக்குப் பொருத்தமாக இருந்தது. சுத்தியல் சத்தத்துக்கு, எண்ணெய் துடைக்கிற பஞ்சு நூலைக் கொஞ்சம் பிய்த்துக் காதில் அடைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான். விசில் அதையும் தாண்டிக் கேட்கும்.

எண்பத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையைத் தொடங்கினார். நான் சர்பத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் எடுத்து வைத்தது கொசுவை.

“இதுதான் மோசம்,” என்றார்.

அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னது?”

“தட்டு தேஞ்சு போச்சு. ஆரம்பமே இல்ல. சும்மா ஊசி சுத்துது, அப்புறம் திடீர்னு எல்லாரும் வந்து விழறான்.”

பாட்டு ஓடியது. எனக்குக் கொசு நன்றாகக் கேட்டது. காதுப் பக்கத்தில் நின்றது. எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அவர் புது ஊசி வாங்கிப் போட்டார். அப்போதும் அப்படித்தான் என்றார். கடைக்காரனைத் திட்டினார், மழைக்காலத்து ஈரத்தைத் திட்டினார். அந்த நாள்களில் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அதையும் நான் பார்த்தேன், அது எதற்கென்று யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் விசிறி நின்றது.

அன்று அண்ணன் உள்ளே ஒரு மூலையில் கையால் சுரண்டிக்கொண்டிருந்தார். காற்றுச் சுத்தியல் ஓடவில்லை. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நான் ஊதினேன். வரவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். குனிந்து பார்த்தால் அவருடைய விளக்கு வெளிச்சம் தூரத்தில் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. விழவில்லை, மயங்கவில்லை, வேலை பார்க்கிறார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. “அண்ணே! அண்ணே!” என்று கத்தினேன். பிறகு பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து இரும்புத் தகட்டில் இடித்தேன், இடித்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் திரும்பியது.

முகமெல்லாம் துருத் தூளோடு ஏறி வந்தார். “ஏன்யா தகட்டப் போட்டு இடிக்கிற? விசில் எங்க, தொலைச்சுட்டியா?”

விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. அப்போதும் அதைத்தான் ஊதிக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்குக் கொசு நினைவுக்கு வந்தது. விசிலும் மெல்லிய, உயரமான சத்தம். கொசுவும் அப்படித்தான். தட்டு தேயவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அவரிடம் எப்படிச் சொல்வது? மண்டோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், காது போனவரை எங்கள் பட்டறையில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் பிடோக்கில் அரசாங்க வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள், சம்பளம் நின்றால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒருநாள் விசிறி நிற்கும், அன்றைக்கு நான் இடிப்பது கேட்காத தூரத்தில் அவர் இருப்பார். ஸ்பேனரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டு முடித்து அவர் தட்டுகளை எடுக்கப் போனார்.

“அண்ணே, இன்னைக்கு நான் ஒரு வரிசை சொல்றேன்,” என்றேன்.

அவர் அப்படியே திரும்பி உட்கார்ந்தார். “ஏய், இங்க வா! ஊமையர் வரிசை போடறாராம்!” அண்ணியும் சிரித்துக்கொண்டே ஈரக் கையோடு வந்து நின்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாரமெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “இருக்கறதுலயே மோசம், விசிறி நின்னு, நான் ஊதி ஊதி, உங்கள நாலு பேரு தூக்கிட்டு வர்றது. அதுக்கு மேல, மண்டோருக்கு யாராவது சொல்லி உங்க வேலை போறது. அதுக்கு மேல, கொசு தட்டுல அப்படியே இருக்கு அண்ணே. எனக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல.”

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன உளர்றே?” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “தட்டு தேஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல?”

“இன்னும் முடிக்கல அண்ணே,” என்றேன். “ஒண்ணாவது, டாக்டரப் பாக்கறது.”

அவர் எழுந்து கொசுவைப் போட்டார். எங்களை நேரே பார்த்து உட்கார்ந்தார். “எங்க வருதுன்னு ரெண்டு பேரும் விரலத் தூக்குங்க பாக்கலாம். ஒருத்தர ஒருத்தர் பாக்கக் கூடாது.”

நானும் அண்ணியும் சுவரைப் பார்த்து நின்றோம். ஊசி உரசுகிற சத்தம் வந்தது. பிறகு கொசு வந்தது. நான் விரலைத் தூக்கினேன்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணியின் விரலும் மேலே இருந்தது. இரண்டு விரலும் ஒரே நேரத்தில் எழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். எந்தச் சத்தமும் இல்லாமல் எழுந்த மாதிரி அவருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீக்கர் பெட்டிமேல் கையை வைத்தபடி பாட்டு முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டா திரும்பறதே இல்ல,” என்றார் அண்ணி மெதுவாக. கண் கலங்கிவிட்டது. “எல்லாப் புருஷனும் அப்படித்தான்னு நெனச்சேன் தம்பி.”

பாட்டு முடிந்ததும் அவர், “போலாம்,” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டோம். அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். “சொன்னது நீங்கதானே, நீங்களும் வாங்க,” என்று அண்ணி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். சீன டாக்டரம்மா ஒருவர், சின்ன வயது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“உள்ள என்னமோ இருக்காம்,” என்று அண்ணன் எங்களுக்குச் சொன்னார். அண்ணி ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரைக் காதில் பீய்ச்சினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பீய்ச்சினார்கள். பிறகு டாக்டரம்மா ஓர் இடுக்கியை விட்டு, மெதுவாக, மெதுவாக எதையோ இழுத்தார். தட்டில் விழுந்ததைப் பார்த்தால் கறுப்பாக, கிராம்பை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஓரத்தில் ஒரு நீல நூல் தெரிந்தது.

பஞ்சு. பட்டறைப் பஞ்சு. எப்போதோ அடைத்ததில் உள்ளே தங்கிப்போன துண்டு. அதன்மேல் இன்னொன்றை அடைத்து, அதன்மேல் இன்னொன்றை அடைத்து, எண்ணெயும் அழுக்கும் துருத் தூளும் சேர்ந்து கல்லாகிவிட்டது. அடுத்த காதிலும் அப்படியே ஒன்று.

“இது எப்படி உள்ளே போயிற்று?” என்று டாக்டரம்மா மலாயில் கேட்டார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டாக்டர், காதுல அடைக்கற பஞ்சுல பல வகை இருக்கு. அதுல மோசம் இந்த நைலான் கலந்தது...”

“இங்கயுமா!” என்றார் அண்ணி.

டாக்டரம்மாவைப் பார்க்க வெளியே ஒரு வரிசை ஆள் காத்திருந்தது. ஆனாலும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டார். அவரை முடிக்கவிட்ட ஆள்கள் ரொம்பக் குறைவு. அந்தப் பெண்மணியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

காதுக்குப் பரிசோதனை வைத்தார்கள். வலது காது நன்றாக இருந்தது. இடது காதில் சுத்தியல் சத்தம் கொஞ்சம் சேதம் செய்துவிட்டது, அது திரும்ப வராது என்றார்கள். டேங்குக்குள் இனி இறங்கக் கூடாது, காதை மூட முறையான கருவி இல்லாமல் பட்டறைக்குள் போகவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்து மண்டோர் முணுமுணுத்தார். ஆனால் விரட்டவில்லை, மேல்தளத்தில் வேறு வேலை கொடுத்தார். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ பிடோக்கில் வீடு கிடைத்துப் போனார்கள். நானும் பட்டறையை விட்டேன். போக்குவரத்துக் குறைந்து, பிறகு நின்றேவிட்டது. யார்மீதும் குறையில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த பஸ்தான். அவர் ஜன்னலோரம், பக்கத்தில் அண்ணி, பின் இருக்கையில் நான். டிக்கெட் கிழிக்கிற சத்தத்துக்குத் திரும்பினார். யாரோ காகிதப் பையைப் பிரித்தார்கள், அதற்கும் திரும்பினார். வெளியே மைனா கத்தியதைக் கேட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டார்.

“ராத்திரிக்கு என்ன வேணும்? ரசம் வைக்கவா?” என்று கேட்டார் அண்ணி.

“சூடா வைங்க அண்ணி!” என்றேன் நான்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஏன் ரெண்டு பேரும் இப்படிக் கத்தறீங்க? பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க லா!”

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை மாதமாக அவரோடு கத்திக்கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. நான் கத்தியிருக்கிறேன். வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றாலும் காதில் விழாத குரல்காரன் நான்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முன்னால் குனிந்து, என்னுடைய சொந்தக் குரலில், “மன்னிச்சுக்குங்க அண்ணே,” என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, “கேக்குது,” என்றார்.

12 நவம்பர் 1989, ஞாயிற்றுக்கிழமை.